சுமப்பவனின் சுதந்திரம்

1

ஒரு மனிதனைப் புகழ்வதன் மூலம் அவனுக்கு அநீதி இழைக்க முடியுமா? இகழ்வது அநீதி என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. புறக்கணிப்பதும் அநீதிதான். ஆனால் புகழை நாம் எப்போதும் வரவுப் பக்கத்திலேயே எழுதிப் பழகியிருக்கிறோம். புகழ்ந்தவன் கொஞ்சம் மிகையாகச் சொல்லிவிட்டான் என்று வேண்டுமானால் குறைப்படுவோம். கெடுதல் செய்துவிட்டான் என்று சொல்ல மாட்டோம். இந்தப் பழக்கம் சரிதானா என்பதை அமெரிக்க சினிமாவின் லாரி டிரைவர்களை முன்வைத்து யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். தன் நாட்டு சினிமாவால் சுதந்திரத்தின் உருவாகவே கொண்டாடப்பட்ட கூலிக்காரன் அவன். இந்தப் பெருமையில் அவனுக்கு முன்னோடி ஒருவன்தான் உண்டு - கௌபாய்.

70களில் வந்த படங்கள் லாரி டிரைவரைக் கடைசிக் கௌபாய் என்று சொல்லிக் களித்தன. தொப்பியும் பூட்ஸும் அப்படியே இருந்தன. குதிரை மட்டும் பதினெட்டுச் சக்கரங்களாக மாறியிருந்தது. இந்த ஒப்புமை அதைச் சொன்னவர்கள் நினைத்ததைவிட உண்மையானது. சரித்திரத்துக் கௌபாய் பிறருடைய மாடுகளை ரயில் நிலையம்வரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்த கூலியாள். 1883ல் டெக்ஸாஸின் வடபகுதிப் பண்ணைகளில் கௌபாய்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். நான் பார்த்த வெஸ்டர்ன் படங்கள் ஒன்றில்கூட அந்த வேலைநிறுத்தம் இல்லை. அடிவானமும் துப்பாக்கியும் தனிமையும் இருக்கின்றன, கூலி இல்லை. ஒரு தொழிலாளியிடமிருந்து அவனுடைய கூலியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது சாகஸக்காரன். லாரி டிரைவருக்கும் இதே கழித்தல் நடந்தது என்பதுதான் நான் சொல்ல வருவது. ஆனால் இதை மட்டும் சொன்னால் அது பாதி உண்மையாகவே நின்றுவிடும். அந்தப் பிம்பத்தை டிரைவர்களே விரும்பி அணிந்துகொண்டார்கள் என்கிற மீதிப் பாதியையும் எதிர்கொள்ள வேண்டும்.

2

சாலைப் படம் என்று இன்று நாம் அடையாளம் காணும் வகை 60களின் இறுதியில் தெளிவான உருக்கொண்டது. 'ஈஸி ரைடர்' (1969) படத்தின் தொடக்கத்தில் பீட்டர் ஃபோண்டா கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்புகிறான். அந்த வகைப் படங்கள் அத்தனைக்கும் அது ஒரு பிரகடனம் போல. சுதந்திரம் என்றால் விட்டுவிடுவது. கடிகாரத்தை, வீட்டை, வேலையை, மனைவியை, தன் பழைய பெயரை. எவ்வளவுக்கெவ்வளவு குறைவாக எடுத்துச் செல்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு சுதந்திரம். (ஃபோண்டாவின் வண்டியிலும் ஒரு சுமை உண்டு, பெட்ரோல் டாங்குக்குள் சுருட்டி ஒளித்த பணம். அதைப் பிறகு யாரும் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை.)

அதே சாலையில், அதே திசையில், அதே வேகத்தில் ஒரு லாரியும் போய்க்கொண்டிருக்கிறது. அதை ஓட்டுகிறவன் கடிகாரத்தை எறிய முடியாது. பின்னால் இருக்கும் லோடுக்கு ஒரு விலாசம் இருக்கிறது, அங்கே போய்ச் சேர வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது. அவன் ஊரைவிட்டுப் போவது திரும்பி வருவதற்காக. ஆக, ஒரே சாலையில் இரண்டு விதமான போதல்கள். ஒன்று உதறிவிட்டுப் போவது. மற்றது சுமந்துகொண்டு போவது. சாலைப் படத்தின் தத்துவம் முதலாவதிலிருந்து மட்டுமே உருவாக்கப்பட்டது. அதன் சங்கடம் என்னவென்றால் சாலையில் உண்மையாகவே வாழ்கிறவன் இரண்டாமவன்.

இந்த இருவரும் ஒரே இருக்கையில் உட்காரும் காட்சி ஒன்று பாப் ராஃபெல்ஸனின் 'ஃபைவ் ஈஸி பீஸஸ்' (1970) படத்தின் முடிவில் வருகிறது. சங்கீதக் குடும்பத்தில் பிறந்து, பியானோவை விட்டு, எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்து, எங்கும் தரிக்க முடியாமல் அலைகிற ராபர்ட் டுபியாவாக ஜாக் நிக்கல்ஸன். பெட்ரோல் நிலையம் ஒன்றில், தன் குழந்தையைச் சுமக்கும் பெண்ணைக் காரிலேயே காத்திருக்க விட்டுவிட்டு, கோட்டைக் கழிப்பறையில் கழற்றிப் போட்டுவிட்டு, மரம் ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் லாரி ஒன்றில் ஏறிக்கொள்கிறான். உனக்குக் கோட்டு எதுவும் இல்லையா என்று கேட்கிறான் டிரைவர். எல்லாம் எரிந்துபோய்விட்டது என்று பொய் சொல்கிறான் டுபியா. என்னிடம் இன்னொன்று இருக்கிறது, போட்டுக்கொள், நாம் போகிற இடம் கடுங்குளிர் என்கிறான் டிரைவர். டுபியா மறுத்துவிடுகிறான். லாரி கிளம்புகிறது, பெண் காரிலிருந்து இறங்கித் தேடுகிறாள், படம் முடிந்துவிடுகிறது.

இந்த முடிவைப் பற்றி எழுதியவர்கள் டுபியாவின் தப்பித்தலைப் பற்றியும் அந்தப் பெண்ணின் நிராதரவைப் பற்றியும் நிறையச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த டிரைவர்மீதுதான் கண் போகிறது. படத்தில் அவனுக்குப் பெயர் கிடையாது. அவன் இருப்பது ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில், தன் கோட்டுக்கு மேல் இன்னொரு கோட்டையும் வைத்திருக்கிறவனாக, முன்பின் தெரியாதவனின் குளிரைப் பற்றி யோசிக்கிறவனாக இருந்துவிடுகிறான். படம் முழுவதிலும் டுபியா யாருக்கும் செய்யாத காரியம் அது. உதறிவிட்டுப் போகும் உரிமை டுபியாவுக்குக் கிடைத்ததே, சுமந்துகொண்டு போக ஒருவன் வண்டியை நிறுத்தியதால்தான். சுதந்திரம் என்று அந்தப் பத்தாண்டு கொண்டாடியது பல சமயம் இன்னொருவனுடைய உழைப்பில் ஓசியாக ஏறிக்கொண்டு போன சவாரி. ராஃபெல்ஸன் இதை அறிந்திருந்தாரா என்பது முக்கியமல்ல. அந்தக் காட்சி அறிந்திருக்கிறது.

3

முப்பது வருஷம் பின்னால் போனால் வேறொரு சினிமா தென்படுகிறது. 1940ல் இரண்டு படங்கள். ஜான் ஃபோர்டின் 'த கிரேப்ஸ் ஆஃப் ராத்' தொடங்குவதே ஒரு லாரியில். சிறையிலிருந்து பரோலில் வரும் டாம் ஜோட் ஒரு லாரியில் இடம் கேட்கிறான். யாரையும் ஏற்றக் கூடாது என்று கம்பெனி ஒட்டியிருக்கும் சீட்டை டிரைவர் காட்டுகிறான். பணக்கார முதலாளி ஒருவன் ஒட்டவைத்த சீட்டை மீறினாலும் நல்லவன் நல்லவன்தான் என்கிற மாதிரி ஜோட் பதில் சொல்கிறான். டிரைவர் ஏற்றிக்கொள்கிறான். இங்கே வண்டி யாருடையது, விதி யாருடையது, அதை மீறினால் வேலை யாருக்குப் போகும் என்பதெல்லாம் மூன்று வாக்கியங்களில் தெளிவாகிவிடுகிறது. சுதந்திரம் என்ற சொல்லே வரவில்லை. ஆனால் கம்பெனிக்குக் கடமைப்பட்ட ஒருவன், கம்பெனியின் சொல்லுக்கும் முன்னால் நிற்கும் மனிதனுக்கும் இடையே ஒரு கணம் தேர்ந்தெடுத்துவிடுகிறான்.

மற்றது ரௌல் வால்ஷின் 'தே ட்ரைவ் பை நைட்'. கலிஃபோர்னியாவில் விளைபொருள் ஏற்றிச் செல்லும் இரண்டு சகோதரர்கள். ஜார்ஜ் ராஃப்டும் ஹம்ஃப்ரி போகார்ட்டும். வண்டிமேல் கடன், கடன்காரன் துரத்துகிறான், ஆகவே தூங்க நேரமில்லை. தூக்கம்தான் அந்தப் படத்தின் முதல் பாதியின் உண்மையான வில்லன். தெரிந்த டிரைவர் ஒருவன் ஓட்டும்போதே தூங்கிப்போய்ச் செத்துப்போகிறான். பிறகு போகார்ட்டே ஸ்டியரிங்கில் கண்ணயர்ந்து வண்டியையும் வலது கையையும் இழக்கிறான். இரண்டாம் பாதியில் படம் ஒரு கொலைக் கதைக்குத் தாவிவிடுகிறது. கதாநாயகன் கடைசியில் கம்பெனி நடத்துகிறவனாக ஆகிறான். ஸ்டூடியோவுக்குச் சௌகரியமான முடிவு. ஆனால் கண்ணிமைகள் கனத்து மூடுகிற அந்த நெருக்கக் காட்சி இருக்கிறதே, அதை எந்த முடிவாலும் அழிக்க முடியாது. உழைப்பு என்பது உடம்பிலிருந்து என்ன எடுத்துக்கொள்கிறது என்று காமிரா அருகே போய்ப் பார்த்திருக்கிறது.

இந்தப் படத்துக்கு மூலம் ஏ. ஐ. பெஸரைடிஸ் 1938ல் எழுதிய நாவல். கிரேக்க - ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் வளர்ந்தவர். அவருடைய தகப்பனார் லாரி ஓட்டியவர். பெஸரைடிஸின் இன்னொரு நாவலிலிருந்து, அவருடைய திரைக்கதையிலேயே, ஜூல்ஸ் டாஸின் 1949ல் 'தீவ்ஸ் ஹைவே' எடுத்தார். அதில் சாலையைவிடச் சந்தைதான் முக்கியம். ஸான் ஃப்ரான்ஸிஸ்கோ மொத்த வியாபாரி ஒருவன் சரக்குக்குப் பணம் தராமல் ஏமாற்றியதில் கால்களையும் இழந்துவிட்ட ஒருவரின் மகன், ஆப்பிள் ஏற்றிக்கொண்டு அதே வியாபாரியிடம் போகிறான். அவனுடைய கூட்டாளியின் பழைய லாரி மலைச்சரிவில் கட்டுக்கடங்காமல் ஓடிக் கவிழ்ந்து எரிகிறது. ஆப்பிள்கள் சரிவில் உருண்டோடுகின்றன. அந்த ஆப்பிள்களையும் அள்ளிக்கொண்டுவந்து விற்க வியாபாரி ஏற்பாடு செய்கிறான். செத்தவனின் சுமை அவனுக்குப் பின்னும் விலைபோகிறது. பண்டத்துக்கும் மனிதனுக்கும் உள்ள உறவைப் பற்றி ஹாலிவுட் இவ்வளவு அப்பட்டமாகப் பேசியது அபூர்வம்.

இந்தப் படங்களுக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. 1935ல் வந்த மோட்டார் போக்குவரத்துச் சட்டம் மாநிலங்களுக்கிடையே ஓடும் லாரிகளின் வாடகை, தடம் எல்லாவற்றையும் அரசு ஆணையம் ஒன்றின் கட்டுப்பாட்டில் வைத்தது. பதப்படுத்தாத விளைபொருள்களுக்கு மட்டும் விலக்கு. ஆகவே ஆப்பிள் ஏற்றுகிறவன் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றான். யாரும் அவனைக் கட்டுப்படுத்தவில்லை. அந்த அர்த்தத்தில் அவன்தான் எல்லோரையும்விடச் சுதந்திரமானவன். அந்தச் சுதந்திரம் எப்படி இருந்தது என்பதைத்தான் பெஸரைடிஸ் எழுதினார்: விலையைச் சொல்கிறவன் வேறு ஒருவன், தூங்காமல் ஓட்டுகிறவன் தான்.

4

இனி 70கள். 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை. டீசல் விலை ஏறியது. பல இடங்களில் கிடைக்கவும் இல்லை. டிசம்பரில் சொந்த வண்டி டிரைவர்கள் பெருஞ்சாலைகளில் லாரிகளைக் குறுக்கே நிறுத்தி மறியல் செய்தார்கள். 1974 ஜனவரி 2ஆம் தேதி நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டம் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்று வேக வரம்பு விதித்தது. மைலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவனுக்கு வேகத்தைக் குறைப்பதும் கூலியைக் குறைப்பதும் ஒன்றுதான். அந்த மாத இறுதியில் மறுபடியும் வேலைநிறுத்தம். சிறு அலைவரிசை ரேடியோக்களில் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்துப் பேசிக்கொண்டார்கள். போலீஸ் எங்கே நிற்கிறது, டீசல் எங்கே கிடைக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். தனியாக ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் கண்டுபிடித்துக்கொண்ட ஒரு பேச்சு அது.

இந்தப் பேச்சைத்தான் பாட்டும் சினிமாவும் எடுத்துக்கொண்டன. 1975ன் இறுதியில் வெளியாகி 1976 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் முதலிடத்தில் ஒலித்த 'கான்வாய்' என்கிற பாட்டு ஸி. டபிள்யூ. மக்கால் என்ற லாரி டிரைவரின் குரலில் அமைந்தது. மக்கால் என்று ஒருவர் கிடையாது. ஒமாஹா நகரத்து விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த பில் ஃப்ரைஸ், ரொட்டி விளம்பரம் ஒன்றுக்காக உருவாக்கிய பாத்திரம் அது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. நல்ல பாட்டு விளம்பரக்காரனிடமிருந்தும் வரலாம். ஆனால் டீசல் விலையையும் கூலியையும் பற்றிய ஒரு கோபம், ரொட்டி விற்கப் பிறந்த குரல் ஒன்றின் வழியாகப் போலீஸை ஏய்க்கும் குதூகலமாக மாறி வெளிவந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஸாம் பெக்கின்பா அந்தப் பாட்டை 1978ல் படமாக்கினார். க்ரிஸ் க்ரிஸ்டாஃபர்ஸன் முன்னால் போக, லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. அரசியல்வாதி ஒருவன் இதைத் தனக்குச் சாதகமாக்கப் பார்க்கிறான். உங்கள் நோக்கம் என்ன என்று கேட்கப்படும்போது தலைவன் சொல்லும் பதில், போய்க்கொண்டே இருப்பதுதான் என்கிற அளவில் நின்றுவிடுகிறது. நம் மொழியில் இயக்கம் என்ற ஒரே சொல் நகர்வதையும் குறிக்கிறது, ஒரு நோக்கத்துக்காகத் திரளும் மக்களையும் குறிக்கிறது. பெக்கின்பாவின் படத்தில் முதல் அர்த்தம் இரண்டாவதை விழுங்கிவிடுகிறது. இத்தனைக்கும் படத்துக்குள்ளேயே ஒரு நோக்கம் தலைகாட்டுகிறது. கறுப்பு டிரைவர் ஒருவனை ஷெரீஃப் அடித்துச் சிறையில் போட, அவனை மீட்க லாரிகள் சிறைக் கட்டிடத்தையே இடித்துத் தள்ளுகின்றன. அங்கே படம் ஒரு கணம் விழித்துக்கொள்கிறது. பிறகு மறுபடியும் புழுதியும் சங்கீதமும்.

இதற்கு ஒரு வருஷம் முன்னால் வந்து வெகுவாக ஓடிய படம் ஹால் நீடமின் 'ஸ்மோக்கி அண்ட் த பாண்டிட்' (1977). பந்தயம் இது: டெக்ஸார்க்கானாவிலிருந்து அட்லாண்டாவுக்கு 400 பெட்டி பீரை, போக வர 28 மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். பீர் இருப்பது லாரியில். லாரியை ஓட்டுகிறவன், வீட்டில் மனைவியும் குழந்தைகளும் உள்ள ஒருவன், ஜெர்ரி ரீட். அவனுக்கு முன்னால் வெறும் காரில் பறந்து போலீஸின் கவனத்தைத் திருப்புகிறவன் பர்ட் ரெனால்ட்ஸ். படத்தின் தலைப்பு யாருடையது? காதல் யாருக்கு? கூட்டத்தின் கைதட்டல் யாருக்கு? சுமையில்லாதவனுக்கு. சாப்பாட்டுக் கடையில் உதை வாங்குவது சுமக்கிறவன். வேடிக்கைப் படம் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் வேடிக்கைப் படங்கள்தான் ஒரு சமூகம் எதை இயல்பென்று நினைக்கிறது என்பதைக் கூச்சமில்லாமல் சொல்லிவிடுகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'கான்வாய்' வந்த அதே 1978ல் நார்மன் ஜூவிஸனின் 'ஃபிஸ்ட்' வந்தது. லாரித் தொழிலாளர் சங்கம் ஒன்று பிறந்து, வளர்ந்து, குண்டர்களோடு கைகோத்து அழுகுவதைச் சொல்லும் படம். டீம்ஸ்டர்ஸ் சங்கத்தையும், அதன் தலைவராயிருந்து சிறை சென்று 1975 ஜூலையில் காணாமல்போன ஜிம்மி ஹாஃபாவையும் நினைவூட்டாமல் அதைப் பார்க்க முடியாது. சங்கத்தின் ஊழல் கற்பனையல்ல. ஆனால் அதே சங்கம்தான் 1964ல் 4 லட்சத்துக்கும் அதிகமான டிரைவர்களுக்கு நாடு தழுவிய ஒரே கூலி ஒப்பந்தத்தை வாங்கிக் கொடுத்தது என்பதும் கற்பனையல்ல. ஒரே வருஷத்தில் இரண்டு படங்கள். அமைப்பாகத் திரண்ட டிரைவர் துன்பியல் நாயகன். எந்தக் கோரிக்கையும் இல்லாமல் திரண்ட டிரைவர் திருவிழா நாயகன். இதில் யாருடைய சதியும் இல்லை. ரசனை அப்படி இருந்தது.

5

இப்போது எதிர்வாதம். அந்த டிரைவர்கள் இந்தப் பாட்டைத் தங்கள் வண்டிகளிலேயே போட்டுக் கேட்டார்கள். தொப்பியும் பட்டப்பெயரும் அவர்களுடையவை. மேலதிகாரி தோளுக்குப் பின்னால் நிற்காத வேலை, விடியலில் ஆளரவமற்ற சாலை, இத்தனை டன் எடையை மலையிலிருந்து பத்திரமாக இறக்கும் கைத்திறன், இவற்றின் சந்தோஷம் உண்மையானது. அவர்களைப் பார்த்து, நீங்கள் அனுபவிப்பது சுதந்திரம் அல்ல, மயக்கம் என்று சொல்ல நான் யார்? ஒருவனுடைய சந்தோஷத்தைப் பொய்யுணர்வு என்று தீர்ப்பளிப்பதும் அவனை அவமதிக்கும் ஒரு வழிதான்.

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். சந்தோஷம் உண்மை என்பதை ஒப்புக்கொண்டே கேட்க வேண்டிய கேள்வி வேறு. சார்த்தரின் சிந்தனையில் சுதந்திரம் எப்போதும் ஒரு சூழ்நிலைக்குள்ளிருந்தே எழுகிறது. வழியில் கிடக்கும் பாறை தடையாவதும் ஏணியாவதும் நான் எங்கே போக முனைகிறேன் என்பதைப் பொறுத்தது. அப்படியானால் சுமை சுதந்திரத்துக்கு எதிரி அல்ல. சுமக்கிறவன் சுதந்திரமானவனாக இருக்க முடியும். ஆனால் அதற்கு அந்தச் சுமையைப் பற்றி அவனுக்கு ஏதாவது ஒரு சொல் இருக்க வேண்டும்: இதை ஏற்றுவேன், இதை ஏற்ற மாட்டேன், இவ்வளவுக்கு ஏற்றுவேன், இப்போது தூங்குவேன். ஜானதன் கேப்லனின் 'ஒயிட் லைன் ஃபீவர்' (1975) இந்த இடத்தைத் தொட்ட படம். கடனில் லாரி வாங்கிய இளைஞன் திருட்டுச் சரக்கை ஏற்ற மறுக்கிறான். அடிபடுகிறான், வீடு எரிகிறது, மனைவியின் கர்ப்பம் கலைகிறது. கடைசியில் லாரியோடு பறந்து கம்பெனியின் கண்ணாடிச் சின்னத்தை உடைக்கிறான். அந்தப் பாய்ச்சலை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட, ஆரம்பத்தில் அவன் சாதாரணமாகச் சொல்லும் மறுப்பு பெரிதாகப் படுகிறது. சாலைப் படங்களின் நாயகர்கள் போய்விடுவதால் சுதந்திரமானவர்கள். இவன் போகாமல் நின்று மறுப்பதால்.

சுதந்திரம் என்ற சொல் சினிமாவிலிருந்து சட்டத்துக்கும் வந்தது. 1980 ஜூலை 1ஆம் தேதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட புதிய சட்டம் 1935ன் கட்டுப்பாடுகளைப் பெரும்பகுதி தளர்த்தியது. படங்கள்தான் சட்டத்தைக் கொண்டுவந்தன என்று சொல்லவில்லை. பணவீக்கம், பொருளாதார நிபுணர்களின் வாதங்கள், சரக்கு அனுப்புகிறவர்களின் நெருக்குதல் என்று காரணங்கள் பல. பழைய ஏற்பாட்டில் சலுகை பெற்ற கம்பெனிகளின் ஏகபோகமும் இருந்தது. ஆனால் யாரும் புகலாம், எங்கும் ஓடலாம், எந்த வாடகையும் பேசலாம் என்கிற அந்தச் சுதந்திரத்தில் கம்பெனிகள் பெருகின, வாடகை விழுந்தது, சங்கம் சுருங்கியது, டிரைவரின் உண்மைக் கூலி தேய்ந்தது. பெஸரைடிஸின் ஆப்பிள் லாரிக்காரன் அனுபவித்த சுதந்திரம் இப்போது எல்லோருக்கும் கிடைத்தது என்று சொல்லலாம். வண்டியைக் கம்பெனியிடமே குத்தகைக்கு எடுத்து, நீயே உன் முதலாளி என்ற வாக்கை நம்பி, வாரக் கணக்கில் தவணையைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்குகிறவர்கள் இன்று இருக்கிறார்கள்.

புகழ் எப்போது அநீதியாகிறது என்பதற்கு இங்கே ஒரு விடை தென்படுகிறது. புகழ் பொய்யாக இருப்பதால் மட்டும் அது அநீதியாகிவிடுவதில்லை. கொடுக்க வேண்டியதற்குப் பதிலாகக் கொடுக்கப்படும்போது அநீதியாகிறது. சுதந்திரமானவன் என்று ஒருவனைக் கொண்டாடிவிட்டால் அவனுக்குத் தர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை என்றாகிவிடுகிறது. அவன் தூங்காதது அவன் தேர்வு. அவன் வீட்டுக்குப் போகாதது அவன் சுபாவம். அவன் காத்துக் கிடப்பது அவன் பொறுமை.

6

ஸ்டீவன் ஸ்பீல்பெர்கின் 'டூயல்' இந்தப் புகழ்ச்சிகளுக்கெல்லாம் முன்னால், 1971 நவம்பரில், டெலிவிஷனில் காட்டப்பட்டது. ரிச்சர்ட் மாதெஸனின் கதை. டேவிட் மான் என்ற விற்பனையாளனை ஒரு பழைய டாங்கர் லாரி காரணமே இல்லாமல் துரத்துகிறது. டிரைவரின் முகம் கடைசிவரை தெரிவதில்லை. ஒரு கை, ஒரு ஜோடி பூட்ஸ், அவ்வளவுதான். நடுவில் சாலையோரச் சாப்பாட்டுக் கடை. வெளியே அந்த லாரி நிற்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் யார் அவன்? மான் ஒவ்வொருவராகப் பார்க்கிறான். எல்லோரும் பூட்ஸ் அணிந்திருக்கிறார்கள். தவறான ஆளிடம் போய் வம்பிழுத்து உதை வாங்குகிறான்.

இதை விதியின் குறியீடு, இயந்திரத்தின் குறியீடு என்றெல்லாம் சொல்லலாம். எனக்கு அந்தச் சாப்பாட்டுக் கடைதான் படத்தின் தார்மீக மையமாகப் படுகிறது. தனக்கான பெட்ரோலையும் ரொட்டியையும் சட்டையையும் ஏற்றிவரும் மனிதர்களோடு ஒரே அறையில் மான் முதல்முறையாக உட்கார்ந்திருக்கிறான். அவர்களில் ஒருவனை இன்னொருவனிடமிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நமக்காகச் சுமப்பவர்களின் முகம் நமக்குத் தெரியாது. தெரியாத முகத்தைச் சுதந்திர வீரன் என்று வரைந்துகொள்ளலாம். அசுரன் என்றும் வரைந்துகொள்ளலாம். இரண்டும் ஒரே அறியாமையின் இரண்டு ஓவியங்கள். டிரைவருக்கு முகமில்லாததில் பயங்கரம் இல்லை. அது பார்வையாளர்களுக்கு விசித்திரமாகவே படவில்லை என்பதில் இருக்கிறது.

லாரி டிரைவரைப் புனிதனாக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. ரிட்லி ஸ்காட்டின் 'தெல்மா அண்ட் லூயிஸ்' (1991) படத்தில் இரண்டு பெண்கள், தங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஆபாசச் சைகை காட்டும் டாங்கர் டிரைவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள். அவன் மறுக்க, டாங்கரைச் சுட்டு எரித்துவிடுகிறார்கள். அந்த நெருப்பில் நியாயம் இருக்கிறது. சாலை யாருடைய சுதந்திரம் என்கிற கேள்வியை ஆண்கள் அதுவரை தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் இதுவும் பாக்கித் தீர்ப்புத்தான்: அவனிடமிருந்து வர வேண்டியது. அவனுக்குப் போக வேண்டியதை இது ரத்து செய்துவிடாது. கடன்கள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டால் கணக்குச் சுலபம். மனிதர்களிடையே அப்படிக் கழிவதில்லை.

அவனுக்குப் போக வேண்டியது என்ன? நேரம் என்று ஒரே சொல்லில் சொல்லலாம். 1938ன் உழைப்புத் தரச் சட்டம் கொடுத்த மிகைநேரக் கூலி மாநிலங்களுக்கிடையே ஓட்டும் டிரைவருக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பணி தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம் என்பது இன்றைய விதி. தூக்கத்தைக் காப்பாற்றும் நல்ல விதி. 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான வண்டிகளில் மின்கருவி ஒன்று அதைப் பதிவு செய்கிறது. ஆனால் கூலி மைலுக்கு. சரக்கு ஏற்றவும் இறக்கவும் கிட்டங்கி வாசலில் காத்துக் கிடக்கும் மணி நேரங்களுக்குப் பல சமயம் கூலி கிடையாது. அந்த மணி நேரங்களும் 14ல் கழிந்துகொண்டேயிருக்கின்றன. விதி அவன் உடம்பைக் காக்கிறது. கூலிமுறை அதே விதியை அவனுக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது. கட்டுப்பாடு ஒழிந்தால் சுதந்திரம் என்கிற பழைய சூத்திரம் இங்கே உதவாது. எந்த மணி நேரம் யாருடையது என்று கேட்டால்தான் ஏதாவது பிடிபடும்.

பல கம்பெனிகளின் வண்டிகளில் இன்று டிரைவரின் முகத்தைப் பார்த்தபடி ஒரு காமிரா இருக்கிறது. கண்ணிமை மூடுகிறதா என்று அது கவனித்துக்கொண்டேயிருக்கிறது. மூடினால் ஒலி எழுப்புகிறது, கம்பெனிக்குத் தகவல் அனுப்புகிறது. முகமில்லாதவனுக்கு ஒருவழியாக முகம் கிடைத்துவிட்டது. ரௌல் வால்ஷின் காமிராவும் அதே கண்ணிமைகளைத்தான் பார்த்தது. அது எதையும் தடுக்கவில்லை; போகார்ட்டின் கை போகத்தான் செய்தது. இன்றைய காமிரா ஒருவேளை கையைக் காப்பாற்றும். அதைக் குறைத்துச் சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் பழைய காமிரா பார்த்தபோது நம்மிடம் ஒரு கேள்வி கேட்டது: இவன் ஏன் இன்னும் தூங்கப் போகவில்லை? புதிய காமிரா அவனிடம் கேட்கிறது: நீ ஏன் தூங்குகிறாய்? முதல் கேள்விக்கு விடை அந்த வண்டிக்கு வெளியே இருக்கிறது - வாடகை பேசும் அறையில், கிட்டங்கி வாசலில், மறுநாள் காலையிலேயே வந்தாக வேண்டும் என்று பண்டத்துக்காகக் காத்திருப்பவன் வீட்டில். அந்தக் கேள்வியை யார் பக்கம் திருப்பிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது, நாம் அவனைப் புகழ்கிறோமா, அவனுக்குத் தர வேண்டியதைத் தருகிறோமா என்பது.